ஆறாத புண்ணும் அரைப்பேரும்: மலையகக் கால்களின் இருநூறு வருடக் கதை



இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடிந்து ஆறுதலாக இருக்கிற நேரத்தில் வாசியுங்கள். வீட்டில் சீனி வருத்தக்காரர் யாராவது இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

மலையக வரலாறு என்றதும் நாங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுப்பது கோப்பி, தேயிலை, 1948 குடியுரிமைச் சட்டம், 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். பரீட்சைக்கு அது போதும். ஆனால் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் மலை ஏறி இறங்கிய கால்களுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அந்தக் கால்களில் வந்த புண்கள் ஏன் ஆறவில்லை, அவற்றை யார் ஆராய்ந்தார்கள், அவர்கள் கண்ட விடை ஏன் இன்னும் முழுசாக நம்முடைய லயத்துக்கு வந்து சேரவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

ஏன் இப்போது என்று கேட்பீர்கள். ஒரு பிள்ளை பாடசாலைக்கு வராமல் நின்றால் காரணம் விசாரிப்பது எங்கள் வேலை. "அம்மாவுக்குக் கால்ல புண்ணு சேர், வீட்டுல வேல இருக்கு" என்ற பதில் இப்போது அடிக்கடி வருகிறது. புண் வந்து மூன்று மாதம், ஆறு மாதம் என்பார்கள். மருந்து கட்டுகிறார்கள், ஆறவில்லை. பிறகு ஒரு நாள் விரலை எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்படுகிறோம். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை ஒழுங்காக வகுப்புக்கு வருவது கஷ்டம்தான். ஆக, தாயின் பாதத்தில் இருக்கிற புண் பிள்ளையின் படிப்பிலும் இருக்கிறது.

முதலில் 1818க்குப் போவோம். அப்போது இந்த மலையில் தேயிலையும் இல்லை, கோப்பித் தோட்டமும் இல்லை. 1815இல் கண்டியைப் பிடித்த ஆங்கிலேயருக்கு எதிராக ஊவா, வெல்லஸ்ஸ பகுதிகளில் கிளர்ச்சி எழுந்து, அதை அடக்கப் படைகள் காட்டுக்குள் நடந்த காலம். அந்தப் படைகளில் சென்னைப் பட்டாளத்துச் சிப்பாய்களும், பாதை வெட்டுகிறவர்களும், சுமை தூக்குகிற கூலிகளும் இருந்தார்கள்.

அந்தக் காலத்தில் இங்கே பணிசெய்த இராணுவ வைத்தியர்கள் இருவர், ஜோன் டேவியும் ஹென்றி மார்ஷலும். அவர்கள் எழுதி வைத்த ஒரு செய்தியை, பின்னாளில் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் தன்னுடைய நூலில் எடுத்துச் சொல்கிறார். மலைக்குள் நடந்த படைகளில் அட்டைக்கடியால் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவர்கள் சென்னைச் சிப்பாய்களும் கூலிகளும்தானாம். அவர்களில் பலர் இறந்தே போனார்களாம்.

அட்டை கடித்து ஆள் சாவதா என்று நமக்குச் சிரிப்பு வரலாம். மழை நாளில் மலையில் நிற்கிற நம்முடைய தாய்மார் நாளைக்கு எத்தனை அட்டையைப் பிடுங்கிப் போடுகிறார்கள்! டெனன்ட் அதற்கும் காரணம் சொல்கிறார். சுகதேகிக்கு அட்டைக்கடி கொஞ்சம் அரிப்போடு போய்விடும். உடம்பு கெட்டுப் போயிருப்பவருக்கு அதே கடிவாய் சொறியச் சொறியப் புண்ணாகி, காலையோ உயிரையோ எடுத்துவிடலாம்.

இது நல்ல அவதானம். காயம் ஒன்றுதான், ஆறுவதும் ஆறாததும் ஆளைப் பொறுத்தது என்று அவர்கள் கண்டுவிட்டார்கள். ஆனால் அந்த உடம்பு ஏன் கெட்டது என்ற கேள்வி அங்கே இல்லை. சாப்பாடு என்ன, தூக்கிய சுமை எவ்வளவு, புண் வந்த பிறகும் எத்தனை மைல் நடக்க வேண்டியிருந்தது என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. அதே நூலில் இன்னொரு தகவலும் உண்டு. அட்டைக்குத் தப்ப, கோப்பித் தோட்டத்துத் துரைமார் நெருக்கமாக நெய்த துணியில் காலுறை தைத்துப் போட்டார்கள். உள்ளூர் ஆட்கள் எண்ணெயும் புகையிலைச் சாம்பலும் எலுமிச்சம் சாறும் பூசிக்கொண்டார்கள். ஒரே மலை, ஒரே அட்டை. துரையின் காலுக்குத் துணி, மற்றவர் காலுக்குச் சாம்பல். இந்த வித்தியாசத்தைக் கடைசி வரைக்கும் மறக்காதீர்கள்.

அடுத்த கட்டம் கோப்பிக் காலம். தமிழ்நாட்டின் பஞ்சத்துக்குத் தப்பி மன்னார்ப் பக்கம் இறங்கிய சனம், காட்டு வழியாக மாத்தளை வரைக்கும் நடந்தே வந்தது. வழியில் காய்ச்சலிலும் வயிற்றோட்டத்திலும் செத்தவர்கள் போக, மிச்சப் பேர் வந்து சேர்ந்த கையோடு காடு வெட்டப் போனார்கள்.

அதே காலத்தில், 1860க்கும் 1862க்கும் இடையில், இலண்டனில் ஜோன் ஹில்டன் என்ற அறுவை வைத்தியர் தொடர் விரிவுரைகள் செய்துகொண்டிருந்தார். ஓய்வும் வலியும் என்பது தலைப்பு. அடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்திருந்தால் உடம்பு தானே அதைச் செப்பனிடும், வைத்தியரின் முதல் வேலை அந்த ஓய்வுக்கு வழிசெய்வது என்பதுதான் அவருடைய வாதத்தின் சாரம். 1863இல் அது புத்தகமாக வந்தது. அங்கே ஓய்வே மருந்து என்று படிப்பித்துக்கொண்டிருந்த அந்த வருடங்களில், இங்கே காலில் புண்ணோடு இருந்த கூலிக்கு ஓய்வு என்றால் அன்றைய சம்பளம் இல்லை.

1872இல் தோட்டங்களின் மருத்துவத் தேவைகளுக்கென்று ஒரு சட்டம் வந்தது. தோட்ட மாவட்டங்களில் ஆஸ்பத்திரியும் டிஸ்பென்சரியும் மெல்ல மெல்ல உருவானதற்கு அது ஒரு தொடக்கம். தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா என்ற உத்தியோகத்தர் நம்முடைய வாழ்க்கைக்குள் வந்தது இப்படியான ஏற்பாடுகளால்தான். புண்ணுக்கு மருந்து கட்ட ஒரு ஆள் கிடைத்தார். கட்டு முடிந்ததும் திரும்பவும் மலைக்குத்தான்.

இனி ஒரு தேயிலைத் தோட்டத்துக் கண்டுபிடிப்பு. நம்முடைய பெரியவர்கள் மழைக்காலத்தில் காலில் வருகிற அரிப்பு, கொப்புளம், விரலிடுக்குப் புண் எல்லாவற்றுக்கும் சேத்துப்புண் என்ற ஒரே பெயரைத்தான் வைத்திருந்தார்கள். அசாம் தேயிலைத் தோட்டங்களிலும் இதுபோல ஒன்று உண்டு. அங்கே அதற்குத் தண்ணீர்ப் புண் என்ற பொருளில் 'பானி காவ்' என்று பெயர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்ற ஆராய்ச்சியாளர், கொக்கிப்புழுவின் குஞ்சுகள் வாயால் மட்டுமன்றித் தோலைத் துளைத்தும் உடம்புக்குள் போகும் என்று கண்டார். அவருடைய கையில் தற்செயலாகச் சிந்திய நீர்தான் அதைக் காட்டிக்கொடுத்தது. 1902இல், அசாம் தோட்டத்து வைத்தியர் சார்ள்ஸ் பென்ட்லி, இந்தப் பானி காவுக்கும் மண்ணில் இருக்கிற கொக்கிப்புழுக் குஞ்சுகளுக்கும் உள்ள தொடர்பை எழுதினார்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். வெறுங்காலில் வருகிற சின்ன அரிப்பு, புழு உள்ளே போகிற வாசல். உள்ளே போன புழு குடலில் தொங்கி இரத்தம் குடிக்கிறது. ஆள் வெளிறிப் போகிறார். இரத்தம் குறைந்த உடம்பில் எந்தக் காயமும் ஆறத் தாமதமாகும். டெனன்ட் சொன்ன 'கெட்டுப்போன உடம்பு' எப்படிக் கெடுகிறது என்பதற்கு ஒரு விடை அங்கே கிடைத்தது.

இலங்கையில் ரொக்பெல்லர் அறக்கட்டளையின் கொக்கிப்புழு ஒழிப்பு வேலை 1916இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் தொடங்கியது. சோதித்தவர்களில் மிகப் பெரும்பாலானோரின் வயிற்றில் புழு இருந்தது. மருந்து கொடுத்தார்கள், புழு விழுந்தது. ஆனால் கழிவறை இல்லாத லயத்துக்கும் புழு நிறைந்த மண்ணுக்கும் அதே வெறுங்காலோடுதான் திரும்பிப் போனார்கள். திரும்பவும் தொற்றியது. கழிவறை கட்டுகிற செலவுக்குத் தோட்ட நிர்வாகங்கள் தயங்கின. 'கூலிகளுக்குச் சுத்தம் தெரியாது' என்று சொல்வதற்குச் செலவு இல்லை, கழிவறைக்குச் செலவு உண்டு.

இதே காலத்தில் இன்னொரு புண்ணின் கதையும் இலங்கையில் நடந்தது. வரண்ட பிரதேசக் கிராமங்களில் பறங்கி நோய் என்று ஒன்று இருந்தது. உடம்பெல்லாம் புண் வந்து எலும்பையும் தின்னும். கொழும்பில் பணிசெய்த அல்டோ கஸ்டெலானி என்ற இத்தாலிய வைத்தியர் 1905இல் அந்தப் புண்ணிலிருந்து எடுத்த கசிவில் சுருள் வடிவக் கிருமியைக் கண்டார். கிருமி இன்னது என்று தெரிந்ததால் அதற்கேற்ற மருந்தைத் தேட முடிந்தது. பென்சிலின் வந்த பிறகு ஒரு ஊசியில் மாறக்கூடிய நோயாக அது ஆகிவிட்டது.

இங்கேதான் ஒரு பாடம். எல்லாப் புண்ணும் ஒரு புண் அல்ல. கிருமியால் வருவது வேறு, புழுவால் வருவது வேறு, இரத்த ஓட்டம் குறைந்து வருவது வேறு, நரம்பு மரத்து வருவது வேறு. மருந்தைக் கட்டுவதற்கு முன் இது எந்தப் புண் என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் சேத்துப்புண் என்று சொல்லிக் கோப்பித்தூளும் சுண்ணாம்பும் வைத்தால், ஒருவேளை ஆறுகிற புண்ணும் ஆறாது.

இனி நாங்கள் சொல்ல வந்த முக்கியமான இடம். நரம்பு மரத்து வருகிற புண்.

தொழுநோய் வந்தவருக்குப் பாதத்தில் உணர்ச்சி போய்விடும். முள் குத்தினாலும் தெரியாது, கல் அறுத்தாலும் தெரியாது. உள்ளங்காலில் ஓட்டை விழுந்தது போலப் புண் வரும், வருடக்கணக்கில் ஆறாது. நோயே சதையைத் தின்கிறது, ஆகவே ஒன்றும் செய்ய முடியாது என்றுதான் உலகம் நம்பியிருந்தது.

1930களில், நம்முடைய நாட்டு அறுவை வைத்தியர் ஒருவர் இந்தப் புண்ணுக்கு வேறு வழி பார்த்தார். அவர் பெயர் மில்ரோய் போல். பின்னர் கொழும்பில் முதலாவது அறுவைச் சிகிச்சைப் பேராசிரியராக இருந்தவர். எலும்பு முறிந்தால் போடுகிற பிளாஸ்டரை, புண் உள்ள பாதத்துக்கு, பாதம் முழுவதையும் ஒட்டித் தொட்டு நிற்கும்படி போட்டார். நோயாளி அதோடு நடக்கலாம். உடம்பின் பாரம் புண் இருக்கிற ஒரு புள்ளியில் விழாமல் பாதம் முழுவதிலும் கெண்டைக்காலிலும் பரவிப் போகும். புண்ணுக்கு ஓய்வு கிடைக்கும்.

இன்று உலகம் முழுக்க இதற்கு 'டோட்டல் கொன்டாக்ட் காஸ்ட்' என்று பெயர். அதன் வரலாற்றை எழுதுகிற மருத்துவக் கட்டுரைகள் பல இலங்கையிலிருந்து, மில்ரோய் போலிலிருந்து தொடங்குகின்றன. நம்முடைய பிள்ளைகளுக்கு ஜேம்ஸ் டெய்லர் பெயர் தெரியும். இந்தப் பெயர் தெரியாது. தெரிய வேண்டும்.

அடுத்து இந்தக் கதை வேலூருக்குப் போகிறது. போல் பிராண்ட் என்பவர் 1914இல் தமிழ்நாட்டின் கொல்லிமலையில், ஆங்கில மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். மலைச் சனத்தோடு வளர்ந்து, இலண்டனில் வைத்தியம் படித்து, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் எப்படிக் குறைந்து போகின்றன என்று ஒவ்வொரு காயமாகப் பின்தொடர்ந்து பார்த்தார். நோய் விரலைத் தின்னவில்லை. சூடான பாத்திரத்தைத் தெரியாமல் பிடிக்கிறார்கள், ஆயுதத்தைத் தேவைக்கு மேல் இறுக்கிப் பிடிக்கிறார்கள். இரவில் தூங்கும்போது எலி கடித்தாலும் தெரிவதில்லை. அதற்காக நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்த கதை பிரபலமானது. வலி என்பது இறைவன் உடம்புக்குக் கொடுத்த காவல்காரன், அவன் போய்விட்டால் வீடு திறந்த வீடுதான் என்பதை அவர் தன் வாழ்நாள் முழுக்கச் சொன்னார்.

பாதத்துக்கு அவர்கள் கண்ட தீர்வு இரண்டு. புண் இருக்கும்போது பிளாஸ்டர், ஆறிய பிறகு சரியான செருப்பு. அந்தச் செருப்புக்கு மெத்தென்ற ரப்பரைத் தேடித் தேடிச் செய்தார்கள். வேலூரிலும் கரிகிரியிலும் நடந்த இந்த வேலைதான் பிறகு பல நாடுகளுக்குப் போனது. 1966இல் பிராண்ட் அமெரிக்காவின் லூசியானாவில் உள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே இந்த முறை நீரிழிவுக்காரரின் பாதத்துக்குக் கைமாறியது. ஏனென்றால் சீனி வருத்தமும் நாட்பட்டால் பாதத்தின் நரம்பை மரக்கச் செய்கிறது. நோய் வேறு, புண் விழுகிற விதம் கிட்டத்தட்ட ஒன்று.

இது வெறும் நம்பிக்கையா, நிரூபிக்கப்பட்டதா என்று கேட்பவர்களுக்கு இரண்டு ஆய்வுகள்.

1989இல் அமெரிக்காவில் நீரிழிவுப் பாதப் புண் உள்ள 40 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான மருந்துக் கட்டு, மற்றப் பிரிவுக்குப் பிளாஸ்டர். பிளாஸ்டர் போட்ட 21 பேரில் 19 பேருக்குப் புண் ஆறியது, சராசரி 42 நாட்களில். மருந்து கட்டிய 19 பேரில் 6 பேருக்குத்தான் ஆறியது.

2001இல் இன்னொரு ஆய்வு. 63 பேர், 12 கிழமை. பிளாஸ்டர் போட்டவர்களில் ஏறக்குறைய 90 வீதமானோருக்கு ஆறியது. கழற்றிப் போடக்கூடிய விசேஷ பூட்ஸ் கொடுத்தவர்களில் 65 வீதம். பாதத்தின் பாரத்தைக் குறைக்கிற அந்த பூட்ஸும் நல்ல பூட்ஸ்தான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்? 2003இல் அதையும் அளந்து பார்த்தார்கள். நோயாளிகளுக்குத் தெரியும்படி இடுப்பில் ஒன்றும், தெரியாமல் பூட்ஸுக்குள் ஒன்றுமாக நடையை எண்ணுகிற கருவி வைத்தார்கள். ஒரு நாளில் நடந்த நடையில் 28 வீதம்தான் பூட்ஸோடு நடந்தது. மிச்சமெல்லாம் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு நடந்த நடை.

பிளாஸ்டரின் இரகசியம் இதுதான். அதற்குள் அதிசய மருந்து எதுவும் இல்லை. அதைக் கழற்ற முடியாது, அவ்வளவுதான். புண்ணுக்குக் கிடைக்கிற ஓய்வை யாரும், நோயாளி உட்பட, இடையில் பறிக்க முடியாது.

இப்போது நம்முடைய தோட்டத்துக்கு வருவோம். மேலே சொன்ன அமெரிக்கருக்கு வீட்டில் சமையலறைக்கும் வாசலுக்கும் நடப்பதுதான் நடை. அவர்களாலேயே ஓய்வைக் காப்பாற்ற முடியவில்லை. விடிய எழும்பித் தண்ணீர் எடுத்து, பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விட்டு, பெரட்டுக்குப் போய், செங்குத்தான மலையில் கொழுந்துக் கூடையோடு நிற்கிற ஒரு தாயிடம் "காலை ஊன்றாதீங்க" என்று சொன்னால் அது எப்படி நடக்கும்? மலைக்குப் போகாவிட்டால் பேர் இல்லை. நிறை குறைந்தால் அரைப்பேர். இரண்டு கிழமை வீட்டில் இருந்தால் கடையில் கடன் ஏறும். ஆகவே அவர் புண்ணைத் துணியால் சுற்றி, செருப்புக்குள் திணித்து, மலைக்குப் போகிறார். மாதம் ஒரு முறை கிளினிக்கில் "சொன்னா கேக்க மாட்டீங்களா" என்று ஏச்சும் வாங்குகிறார்.

1818இல் கெட்ட உடம்பு என்றார்கள். 1916இல் சுத்தம் தெரியாதவர்கள் என்றார்கள். இன்று சொல் கேட்காத நோயாளி என்கிறோம். ஆய்வுகள் சொல்வது வேறு. ஆளைத் திட்டிப் புண் ஆறிய வரலாறு இல்லை. புண்ணுக்கு ஓய்வு கிடைக்கும்படி ஏற்பாட்டை மாற்றினால்தான் ஆறும்.

இது ஒரு சிலருடைய பிரச்சினையும் அல்ல. 2008இல் வெளியான நாடளாவிய ஆய்வின்படி இலங்கையில் வளர்ந்தவர்களில் 10.3 வீதமானோருக்கு நீரிழிவு இருந்தது. நீரிழிவுக்கு முந்திய நிலையையும் சேர்த்தால் ஐந்தில் ஒருவர். அந்த ஆய்வில் நகரத்தை விடத் தோட்டத்தில் குறைவுதான். ஆனால் உணவும் வாழ்க்கையும் மாறிக்கொண்டு வருகிற வேகத்தை நாம் எல்லோரும் பார்க்கிறோம். மாவும் சீனியும் சேர்ந்த சாயத்தண்ணிச் சாப்பாடு நம்முடைய சனத்தின் தலையில் எழுதி வைத்ததல்ல, வருமானம் எழுதியது.

இனி வீட்டில் செய்யக்கூடியவை. நாங்கள் வைத்தியர்கள் அல்ல. இவை எந்தக் கிளினிக்கிலும் சொல்லித் தருகிறவைதான்.

முதலாவது, பாதத்தைத் தினமும் பாருங்கள். சீனி வருத்தக்காரருக்கு வலி இல்லை என்பது நல்ல செய்தி அல்ல. கிளினிக்கில் 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற ஒரு நைலோன் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கலாம். இந்த அளவைப் பிரபலமாக்கியதும் அந்தக் கார்வில் மருத்துவமனைதான். கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, புண்ணை அளந்து வையுங்கள். கிழமைக்கு ஒரு தடவை, பக்கத்தில் ஒரு ரூபாக் குற்றியை வைத்து, ஆனால் புண்ணில் படாமல், போனில் படம் எடுங்கள். இதைப் பிள்ளைகளே செய்யலாம். 2003இல் 203 நோயாளிகளைப் பார்த்த ஒரு ஆய்வில், நான்கு கிழமையில் பாதிக்கு மேல் சுருங்கிய புண்களில் 58 வீதம் 12 கிழமைக்குள் ஆறின. அப்படிச் சுருங்காதவற்றில் 9 வீதம்தான். ஆகவே நான்கு கிழமையில் பாதியாகவில்லை என்றால் அதே மருந்தைக் கட்டிக்கொண்டு காத்திருக்காதீர்கள். படத்தைக் காட்டிப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பச் சொல்லுங்கள். டிக்கோயா கிளங்கனில் 2017இல் திறந்த புதிய கட்டிடம் போல வசதிகள் முன்பை விடப் பக்கத்தில் இருக்கின்றன. காய்ச்சல், நாற்றம், கறுப்பு நிறம், கால் வீக்கம் என்றால் ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம்.

மூன்றாவது, பிளாஸ்டரை நீங்களாகப் போட்டுக்கொள்ளவோ கட்டுவைத்தியரிடம் போடவோ கூடாது. இரத்த ஓட்டம் குறைந்த காலிலும் கிருமி பரவிய புண்ணிலும் அது காலையே எடுத்துவிடும். எது பொருந்தும் என்று வைத்தியர்தான் சொல்ல வேண்டும்.

நான்காவது, குளிருக்கு அடுப்படியில் கால் நீட்டுகிற பழக்கம். நம்முடைய மலையில் எல்லா வீட்டிலும் உண்டு. மரத்த கால் வெந்தாலும் தெரியாது. சுடுதண்ணீரில் கால் வைப்பதும் அப்படித்தான். கையால் தொட்டுப் பார்த்த பிறகு வையுங்கள்.

ஐந்தாவது, நம்முடைய பள்ளிவாசல் ஜமாஅத்தாருக்கு. வுழுச் செய்வதற்காக ஐந்து நேரமும் புண்கட்டை அவிழ்த்து நனைக்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பேணுதலை மதிக்கிறோம். ஆனால் காயக் கட்டுக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது. கட்டை அவிழ்க்காமல் அதன் மேல் ஈரக் கையால் தடவுவது, தயம்மும் செய்வது ஆகியவற்றின் விபரத்தை உங்கள் ஊர் மௌலவியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். புண் இல்லாதவர்கள் வுழுவுக்குப் பிறகு விரலிடுக்கைத் துடைத்து ஈரம் போக்குங்கள். கோயிலுக்கு வெறுங்காலோடு போகிற, தீ மிதிக்கிற நம்முடைய இந்துச் சகோதரர்களுக்கும் இதையே சொல்கிறோம். கால் மரத்திருந்தால் வேறு நேர்த்தி வையுங்கள்.

கடைசியாக, வீட்டால் செய்ய முடியாத ஒன்று. அது தோட்ட நிர்வாகங்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும். சம்பளப் பேச்சுவார்த்தை வரும்போதெல்லாம் நாள் சம்பளத்தைப் பற்றிப் பேசுகிறோம். பேச வேண்டும்தான். அதோடு இதையும் சேர்த்துப் பேசுங்கள்: பாதப் புண்ணுக்கு வைத்தியர் ஓய்வு எழுதினால் அந்த நாட்களுக்குப் பேர் போட வேண்டும். அல்லது பிள்ளை மடுவத்திலோ நாற்று மேடையிலோ இஸ்டோரிலோ உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்து முழுப்பேர் போட வேண்டும். மலைக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் பொருத்தமான சப்பாத்துக் கொடுக்க வேண்டும். துரையின் காலுக்கு 1859இலேயே துணி இருந்தது என்று புத்தகத்தில் இருக்கிறது.

ஆறு கிழமைப் பேர் எவ்வளவு வரும் என்று கணக்குப் பாருங்கள். ஒரு காலை எடுத்த பிறகு அந்தக் குடும்பம் எத்தனை வருடப் பேரை இழக்கும் என்றும் பாருங்கள். தரம் 6 பிள்ளையும் போடக்கூடிய கணக்கு.

இன்று இரவு வீட்டில் அம்மா, அப்பா, பாட்டியின் பாதத்தை ஒரு தடவை வெளிச்சத்தில் பாருங்கள். வாசித்தவர்கள் உங்கள் தோட்டத்துத் தலைவர்மாருக்கும் வெல்பெயார் உத்தியோகத்தருக்கும் அனுப்பி வையுங்கள். அடுத்த பதிவில், இன்ஷா அல்லாஹ், தோட்டத்துப் பிள்ளை மடுவங்களின் கதையை எழுதுகிறோம்.